14 மாதத்தில் மறுபடியும் தேய்ந்த ஜர்னல் பேரிங்

பேரிங்கின் கீழ்ப்பாதி ஷெல்லை, அதாவது தண்டைத் தாங்கும் அரைவட்ட உலோகத் துண்டை, உருட்டி வெளியே எடுத்ததும், பக்கத்தில் நின்ற உதவியாளர் வழக்கம்போல வேஸ்ட் துணியோடு கையை நீட்டினார். "தம்பி, துடைக்காதே. அப்படியே பலகை மேல வை" என்றேன். 14 மாதத்துக்கு முன்பு இதே மோட்டாரில், இதே முனையில், இதே பேரிங்கைக் கழற்றியபோது நாங்கள் நன்றாகத் துடைத்து, மண்ணெண்ணெயில் கழுவி, புது ஷெல் மாட்டிவிட்டுப் பழையதை ஸ்கிராப்பில் போட்டுவிட்டோம். பதிவேட்டில் "ஆயில் கெட்டதால் தேய்மானம்" என்று ஒரே ஒரு வரி. அந்த வரி தவறு என்று புரிய இரண்டாவது ஷெல்லும் தேய வேண்டியிருந்தது.

இயந்திரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய ஃபேன் ஒன்றை ஓட்டும் இண்டக்‌ஷன் மோட்டார், நிமிடத்துக்கு 1490 சுற்று. ரோட்டரின் எடை சுமார் 2400 கிலோ; இரண்டு முனையிலும் ஸ்லீவ் வகை ஜர்னல் பேரிங். ஜர்னலின், அதாவது பேரிங்குக்குள் சுற்றும் தண்டுப் பகுதியின், விட்டம் 125 மி.மீ., பேரிங் நீளம் 100 மி.மீ. பம்ப் கிடையாது. தண்டின் மேல் தொங்கும் பித்தளை ஆயில் ரிங் சுற்றிச் சுற்றி, கீழே தேங்கியிருக்கும் விஜி 32 ஆயிலை மேலே கொண்டுவரும். ஃபேனோடு இணைக்கும் கப்ளிங் பக்கத்து பேரிங் சாதாரணமானது. எதிர்ப்பக்கத்து பேரிங்கில் மட்டும் ஷெல் உட்காரும் இடத்தில் மின்காப்புப் பூச்சு உண்டு. இந்தக் கடைசி விவரத்தை அப்போது நாங்கள் யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

இந்த முறை பிரச்சினையைக் காட்டிக் கொடுத்தது அலாரம் அல்ல. அலாரம் 90 டிகிரி, மோட்டார் தானே நின்றுவிடும் டிரிப் 95 டிகிரி. எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது 75 டிகிரியில். யார் பார்த்தாலும் "நார்மல்" என்றுதான் சொல்வார்கள். நான் மாதாந்திர ரீடிங்குகளை எடுத்து இரண்டு பேரிங்குக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் வரைந்து பார்த்தேன். ஒரே மோட்டார், ஒரே சுமை, ஒரே வெளிக்காற்று; வெயிலானாலும் மழையானாலும் இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும், அதனால் வித்தியாசத்தில் பருவநிலை பெரும்பாலும் கழிந்துவிடும். நான்கு மாதத்தில் அந்த வித்தியாசம் 2 டிகிரியிலிருந்து 9 டிகிரிக்குப் போயிருந்தது. தனித்தனி எண்ணாகப் பார்த்திருந்தால் கோடைக்காலம் என்று விட்டிருப்போம். அதிர்வு 1.8 மி.மீ./வினாடி, பழைய அளவேதான். ஜர்னல் பேரிங் மெதுவாகத் தேயும்போது வெளிக்கூட்டில் அளக்கும் அதிர்வு பெரும்பாலும் வாயே திறக்காது. அதை மட்டும் நம்பி இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அப்புறம் ஆயில். கண்ணாடி வழியாகப் பார்த்தபோதே கறுப்பு. ஆய்வகத்தில் பாகுநிலை சரியாகவே இருந்தது, தண்ணீரும் இல்லை. வெள்ளீயம் மட்டும் போன முறை 6 பிபிஎம், இந்த முறை 38. செம்பு ஏறவில்லை. ஷெல்லின் உட்புறத்தில் இருக்கும் மென்மையான உலோகக் கலவையான பேபிட்டில் பெரும்பங்கு வெள்ளீயம், ஆயில் ரிங்கோ பித்தளை. ஆக தேய்வது ரிங் அல்ல, பேரிங்கின் மேற்பரப்புதான். ஆயில் கெட்டதால் பேரிங் தேயவில்லை. பேரிங் தேய்ந்ததால் ஆயில் கறுத்திருந்தது. 14 மாதத்துக்கு முன்பு காரணத்தையும் விளைவையும் நாங்கள் தலைகீழாக எழுதியிருந்தோம்.

திறப்பதற்கு முன்பு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இது தேவையா என்று சிலர் கேட்டார்கள். எனக்கு இதுதான் முக்கியமான படி. ஜர்னல் பேரிங்கில் உலோகம் உலோகத்தின் மேல் ஓடுவதில்லை, எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது. 1883-ல் பியூசாம்ப் டவர் ரயில் அச்சுப் பேரிங்குகளைச் சோதித்தபோது ஆயில் ஊற்ற மேலே போட்ட துளையில் அடைத்த மரக்கட்டையை எண்ணெயே வெளியே தள்ளியது. அங்கே அழுத்தமானி மாட்டிப் பார்த்தால் சராசரிச் சுமை அழுத்தத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். தண்டு தானே எண்ணெயை ஆப்பு போன்ற இடுக்குக்குள் இழுத்து, தன்னைத் தானே தூக்கிக்கொள்கிறது. 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குச் சமன்பாடு கொடுத்தார். இன்றைக்கும் நாம் போடும் கணக்கு அதிலிருந்து வந்ததுதான்.

எங்கள் மோட்டாரில் ஒரு பேரிங்குக்கு 1200 கிலோ. அதை 125-ஐ 100-ஆல் பெருக்கிய பரப்பின் மேல் பரப்பினால் சுமார் 0.94 மெகாபாஸ்கல் வருகிறது. தண்டுக்கும் ஷெல்லுக்கும் உள்ள இடைவெளி, அதாவது விட்டக் கிளியரன்ஸ், 0.20 மி.மீ. விஜி 32 ஆயிலின் பாகுநிலை 40 டிகிரியில் 32 சென்டிஸ்டோக்ஸ். 70 டிகிரியில் 11-க்குப் பக்கத்தில் வந்துவிடும், அதாவது மூன்றில் ஒரு பங்கு. சுமை, வேகம், பாகுநிலை, கிளியரன்ஸ் எல்லாவற்றையும் ஒரே எண்ணாக்கும் சோமர்ஃபெல்ட் எண்ணில் இதையெல்லாம் போட்டு அட்டவணையைப் பார்த்தால், மிக மெல்லிய இடத்தில் படலம் ஏறக்குறைய 30 மைக்ரான். ஜர்னலின் சொரசொரப்பு அரை மைக்ரான்கூட இல்லை. இவ்வளவு இடைவெளி இருக்கும்போது ஓட்டத்தில் தேய்மானம் வருவதற்கு வழியே இல்லை. ஸ்டார்ட், ஸ்டாப் சமயத்தில் சில நொடிகள் உராயும், சரி. ஆனால் இதே மாதிரி இன்னும் ஐந்து மோட்டார் அதே எண்ணிக்கையில் ஸ்டார்ட் ஆகின்றன, அவற்றில் தேய்மானம் இல்லை. ஆகவே சுமையும் வேகமும் செய்யாத ஒரு வேலையை வேறு ஏதோ ஒன்று செய்கிறது. இந்த ஒரு வாக்கியத்தை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டுதான் போல்ட்டைக் கழற்றினேன்.

கீழ்ப்பாதியை எடுப்பதற்கு முன் கிளியரன்ஸ் அளக்க ஈயக் கம்பி வைத்தோம். மேல் மூடியைத் திறந்து, ஜர்னலின் உச்சியில் குறுக்காக மூன்று துண்டு, இரண்டு பக்கப் பிளவு முகத்திலும் துண்டுகள். மூடி, முழு டார்க்கில் இறுக்கி, மறுபடி திறந்து, நசுங்கிய கம்பிகளை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். உச்சியில் உள்ளதிலிருந்து பிளவு முகத்தில் உள்ளதைக் கழித்தால் கிளியரன்ஸ். கம்பி ரொம்பத் தடிமனாக இருந்தால் மென்மையான பேபிட்டிலேயே பள்ளம் விழுந்து எண் ஏமாற்றும். எதிர்பார்க்கும் இடைவெளியைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தடிமன் போதும். எங்களுக்கு வந்தது 0.31. மாட்டியபோது எழுதிய அளவு 0.21. பதினான்கு மாதத்தில் 0.10 மி.மீ. கரைந்திருக்கிறது. விட்டத்தில் ஆயிரத்தில் ஒன்று முதல் இரண்டு பங்கு என்ற வழக்கமான வரம்பை அது தாண்டிவிட்டது.

இப்போது அந்தத் துடைக்காத ஷெல்லுக்கு வருகிறேன். எண்ணெயைத் துணியால் தேய்க்காமல் கரைப்பானைத் தெளித்து வடியவிட்டு, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தோம். தேய்ந்த ஷெல் எதனால் தேய்ந்தது என்பதற்கு ஒவ்வொரு முகம் உண்டு. ஆயில் நின்று சூடேறியிருந்தால் பேபிட் வழித்து இழுத்த மாதிரி பளபளவென்று, ஆயில் பள்ளங்களுக்குள் வழிந்து கிடக்கும். பேபிட் உருகத் தொடங்கவே சுமார் 240 டிகிரி வேண்டும் என்று தைரியமாக இருக்கக் கூடாது, அதற்கு வெகுமுன்பே சுமைக்கு அடியில் நகரத் தொடங்கிவிடும். அழுக்கு புகுந்திருந்தால் சுற்றுவாக்கில் கோடு கோடாக கீறல்கள், கீறலின் முடிவில் பதிந்த துகள். அலைன்மென்ட் கெட்டிருந்தால் எதிரெதிர் மூலைகள் மட்டும் மின்னும். களைப்பு என்றால் காய்ந்த குளத்து மண் மாதிரி வலைப்பின்னலாக வெடித்து, இடையிடையே சில்லுகள் பெயர்ந்திருக்கும்.

எங்கள் ஷெல்லில் இது எதுவும் இல்லை. சுமை தாங்கும் அடிப்பகுதி முழுவதும், ஓரத்துக்கு ஓரம் ஒரே சீராக, ஒரு மங்கிய சாம்பல் பட்டை. நுண்மணல் பீய்ச்சிய கண்ணாடி மாதிரி. விரல் நகத்தால் தடவினால் லேசான சொரசொரப்பு. ஜர்னலிலும் அதே அகலத்தில் அதே மங்கல் பட்டை. எங்கள் மூத்த ஃபிட்டரிடம் காட்டினேன். ஒரு நிமிடம் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இது தேஞ்சது இல்ல சார், பொரிஞ்சது" என்றார். 50 மடங்கு பெருக்கும் கைநுண்ணோக்கியை வைத்தபோது அவர் சொன்னது கண்ணெதிரே தெரிந்தது. ஆயிரக்கணக்கில் நுண்குழிகள். அறுத்த மாதிரி கூர்மையான விளிம்பு இல்லை. உருகி உறைந்த துளியின் உருண்ட விளிம்பு. இயந்திர உராய்வில் அப்படிக் குழி வராது. தீப்பொறி விழுந்தால்தான் வரும். பேரிங் வழியாகக் கரண்ட் போயிருக்கிறது.

ஸ்டேட்டர் தகடுகளின் இணைப்புகளிலும் காற்றிடைவெளியிலும் உள்ள சிறுசிறு ஒழுங்கின்மையால் காந்தப் பாய்வு முழுக்கச் சமச்சீராக இருப்பதில்லை. மிஞ்சும் பாய்வு தண்டைச் சுற்றி வளைந்து, தண்டின் இரு முனைகளுக்கும் இடையே ஒரு சிறு ஏசி மின்னழுத்தத்தை உண்டாக்கும். எங்கள் மோட்டாரில் ஓட்டத்தில் அளந்தபோது 0.9 வோல்ட். டார்ச் பேட்டரி அளவுகூட இல்லை. ஆனால் தண்டு, ஒரு பேரிங், மோட்டார் சட்டம், இன்னொரு பேரிங் என்று சேரும் வளையத்தின் மின்தடை மிகமிகக் குறைவு, அதனால் வழி கிடைத்தால் கரண்ட் பெரிதாகவே ஓடும். 30 மைக்ரான் சுத்தமான ஆயில் அதைத் தடுக்கும். ஒரு உலோகத் துகள் குறுக்கே வந்தால், அல்லது ஸ்டார்ட் நேரத்தில் படலம் மெலிந்தால், பொறி பறக்கும். ஒவ்வொரு பொறியும் ஒரு துளி வெள்ளீயத்தைப் பெயர்த்து ஆயிலில் போடுகிறது. அந்தத் துளியே அடுத்த பொறிக்குப் பாலம். இது தானே வேகம் பிடிக்கும் கோளாறு. அதனால்தான் வெப்பநிலை பத்து மாதம் சும்மா இருந்துவிட்டு கடைசி நான்கு மாதத்தில் ஏறியது.

இந்த வளையத்தை அறுக்கத்தான் எதிர்ப்பக்கத்தில் மின்காப்பு வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் காப்பு கெட்டிருக்க வேண்டும். மின்காப்பை அளக்கும் மெகர் மீட்டரை எடுத்து நேராக அளந்தால் எப்போதும் பூஜ்யம்தான் வரும். கப்ளிங் பக்கத்து பேரிங் வழியாகத் தண்டே எர்த்தில் இருக்கிறது. பலர் இங்கே தடுக்கி, நல்ல காப்பையும் மோசம் என்று எழுதிவிடுவார்கள். நாங்கள் கப்ளிங்கைப் பிரித்து, தண்டை ஜாக்கியால் கொஞ்சம் தூக்கி, பேரிங்கைத் திரும்ப உட்கார வைத்து, ஜர்னலுக்கும் ஷெல்லுக்கும் நடுவே மின்சாரம் கடத்தாத மைலார் பிளாஸ்டிக் தாளைச் செருகி, ஷெல்லுக்கும் கூட்டுக்கும் இடையே 500 வோல்ட்டில் அளந்தோம். பூஜ்யம். அப்போதும் காப்புப் பூச்சைக் குறை சொல்லவில்லை. ஷெல்லைத் தொடும் ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் மெகரைப் பார்த்தோம். சீலின் தடுப்புப் பின்னை எடுத்தோம், பூஜ்யம். மிதக்கும் சீலை எடுத்தோம், பூஜ்யம். வெப்பம் அளக்கும் ஆர்டிடியை இரண்டு சுற்று தளர்த்தியதும் முள் துள்ளி 60 மெகாஓமுக்குப் போனது. திரும்ப இறுக்கினோம், பூஜ்யம். மறுபடி தளர்த்தினோம், 60. மூன்று முறை செய்து பார்த்தோம். சுற்றி நின்ற எல்லோரும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆர்டிடியின் எஃகு உறை ஷெல்லைத் தொடுகிறது. அதே உறை வெளியே உலோக நட்டில் கூட்டோடு இறுக்கப்பட்டிருக்கிறது. மின்காப்பைத் தாண்டி ஒரு எஃகுக் கம்பிப் பாலம். வரைபடத்தைத் தேடி எடுத்துப் பார்த்தால், அந்த முனைக்கு மட்டும் காப்புப் புஷ்ஷோடு கூடிய ஆர்டிடி என்று சிறிய எழுத்தில் குறிப்பு இருக்கிறது. வேலைப் பதிவுகளைப் புரட்டினோம். பழைய ஆர்டிடி பழுதாகி, நீளமும் மரையும் பொருந்தியதால் சாதாரண வகை மாட்டப்பட்ட தேதி கிடைத்தது. அதற்கு முன்பு ஆறு வருஷம் அந்த பேரிங் எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓடியிருக்கிறது. அதற்குப் பிறகு 16 மாதத்தில் முதல் தேய்மானம், அடுத்த 14 மாதத்தில் இரண்டாவது. பேரிங்கைக் காப்பாற்ற வைத்த கருவியே அதைத் தின்றிருக்கிறது.

இந்தச் சமயத்தில் மேலிடத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது: "புது பேரிங் எத்தனை வருஷம் வரும், ஒரு எண் கொடுங்கள்." பால் பேரிங்காக இருந்தால் எல்-10 ஆயுள் என்று ஒரு கணக்கு உண்டு, நூற்றில் பத்து பேரிங்கின் உருளும் உலோகம் களைத்துப்போகும் வரைக்குமான காலம் அது. முழுப் படலத்தில் ஓடும் ஜர்னல் பேரிங்குக்கு அப்படி ஒரு உள்ளார்ந்த கெடு கிடையாது. சரி, புள்ளிவிவரமாவது பார்ப்போம் என்று ஆறு மோட்டார்களின் பதிவையும் எடுத்தேன். 12 பேரிங், எட்டரை வருஷம், மொத்தம் 102 பேரிங்-வருஷம், இரண்டு பழுது. சராசரியாக 51 வருஷத்துக்கு ஒரு பழுது! அறிக்கையில் போட மிக அழகான எண். அதே நேரத்தில் நாங்கள் நின்றுகொண்டிருந்த இடத்தில் உண்மையான ஆயுள் 15 மாதம். இரண்டையும் ஒரே கூடையில் போட்டால் அந்த எண் எந்த பேரிங்கைப் பற்றியும் பேசுவதில்லை.

பழுதான காலங்களை வைத்துப் பழுதின் தன்மையைக் கணிக்கும் வெய்புல் முறையைத் தெரிந்தவர்கள் அதில் வரும் பீட்டா மதிப்பைப் பார்ப்பார்கள். ஒன்றுக்குக் கீழே என்றால் மாட்டும்போது செய்த தவறு, ஒன்றுக்குப் பக்கம் என்றால் எப்போது வேண்டுமானாலும் நேரும் விபத்து, ஒன்றுக்கு நன்றாக மேலே என்றால் காலத்தோடு வளரும் தேய்மானம். இரண்டு பழுதை வைத்து வளைகோடு வரைவது நேர்மையில்லை. ஆனாலும் ஒரே இடத்தில் 16, 14 மாதம் என்று கிட்டத்தட்ட ஒரே இடைவெளியில் விழுவது தற்செயல் அல்ல, ஏதோ ஒன்று தொடர்ந்து வேலை செய்கிறது என்று அந்த இரண்டு எண்ணே சொல்லிவிடுகின்றன. பழுதாகாமல் ஓடும் பதினொரு பேரிங்கையும் கணக்கில் வைக்க வேண்டும். அவை ஒப்பிட நம் கையில் இருக்கும் சாட்சிகள். ஆகவே நான் வருஷக் கணக்கு எழுதவில்லை. படலத் தடிமன் எவ்வளவு, கிளியரன்ஸ் எவ்வளவு, ஷெல் வெப்ப வித்தியாசம் எவ்வளவு, ஆயிலில் வெள்ளீயம் எவ்வளவு, காப்பு மின்தடை எவ்வளவு என்று ஐந்து அளவையும் ஒவ்வொன்றுக்கும் இன்றிருக்கும் இடைவெளியையும் எழுதிக் கொடுத்தேன். கேட்டவருக்கு முதலில் திருப்தியில்லை. 15 மாதமும் 51 வருஷமும் ஒரே பக்கத்தில் எழுதியிருப்பதைப் படித்த பிறகு வேறு கேட்கவில்லை.

சீரமைப்பு வேலையில் சொல்ல வேண்டியது ஜர்னல்தான். புது ஷெல் மாட்டினால் போதும் என்று அவசரப்பட்டால், பொரிந்த ஜர்னல் அரம் மாதிரி புது பேபிட்டை ராவிவிடும். எண்ணெய் தோய்த்த நுண் எமரிப் பட்டையைச் சுற்றி, இரண்டு பக்கமும் சமமாக இழுத்து, மங்கல் முழுவதும் போகும்வரை மெருகேற்றி, வட்டம் கெடவில்லையா என்று நான்கு திசையில் அளந்தோம். புது ஷெல்லில் பேபிட் எஃகோடு ஒட்டியிருக்கிறதா என்று அல்ட்ராசோனிக் சோதனை செய்தோம். மூத்த ஃபிட்டருக்கு அது போதவில்லை. ஷெல்லை ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, காலையில் துடைத்து, ஒட்டு ஓரத்தில் சுண்ணாம்புப் பொடி பூசினார். ஒட்டாத இடம் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து பொடியில் கோடு விழும். பொடி வெள்ளையாகவே இருந்தது. அதன் பிறகுதான் நீலம் தடவி, படியும் இடத்தைப் பார்த்துச் சுரண்டினார். ஈயக் கம்பியில் 0.20. காப்புப் புஷ்ஷோடு புது ஆர்டிடி, அதன் கேபிள் கவசம் கூட்டைத் தொடாதபடி கிளாம்ப். எல்லாம் மாட்டிய பிறகு மறுபடி மைலார், மறுபடி மெகர்: 55 மெகாஓம். கப்ளிங் பக்கத்தில் ஒரு எர்த்திங் பிரஷ்ஷும் வைத்தோம்.

ஓட்டிய பிறகு மூன்று மணி நேரத்தில் வெப்பநிலை 65-ல் நின்றது, மறுமுனையோடு வித்தியாசம் 1 டிகிரி. எனக்கு அதைவிட முக்கியம் இன்னொரு ரீடிங். எதிர்ப்பக்கத் தண்டுக்கும் சட்டத்துக்கும் இடையே அளந்தால் தண்டின் மின்னழுத்தம் கிட்டத்தட்ட முழுசாக, 0.85 வோல்ட் கிடைத்தது. பிரிப்பதற்கு முன் இதே இடத்தில் மீட்டர் 0.1-க்கும் 0.3-க்கும் இடையே துடித்துக்கொண்டிருந்தது. இங்கே வோல்ட் முழுசாக இருப்பது நல்ல செய்தி; வளையம் அறுந்திருக்கிறது, கரண்ட் ஓடவில்லை என்று அர்த்தம். மோட்டாரை நிறுத்தாமல் ஐந்து நிமிடத்தில் எடுக்கலாம். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிறோம்.

மற்ற ஐந்து மோட்டாரையும் இதே முறையில் பார்த்தோம். ஒன்றில் இதே சாதாரண ஆர்டிடி. அதில் தண்டு மின்னழுத்தம் 0.2 வோல்ட் மட்டும் இருந்ததால் தப்பித்திருக்கிறது. மாற்றிவிட்டோம்.

11 மாதம் கழித்து திட்டமிட்ட ஷட்டவுனில் அந்த பேரிங்கை மறுபடி திறந்தேன். திறக்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஒரே ஒரு முறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று கேட்டு வாங்கிய நான்கு மணி நேரம். ஆயில் தேன் நிறத்தில் இருந்தது, வெள்ளீயம் 5 பிபிஎம். ஈயக் கம்பி 0.20. கீழ்ப்பாதியை வெளியே எடுத்ததும் உதவியாளர் துணியைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார், பிறகு டார்ச்சை எடுத்துக் கொடுத்தார். சாய்த்து வெளிச்சம் அடித்தால், மூத்த ஃபிட்டர் குறுக்கும் நெடுக்குமாகச் சுரண்டிய கோடுகள் அடிப்பகுதி முழுவதும் அப்படியே இருந்தன.